கோதின் அடியில் எழுதியிருப்பது

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியில் கிழக்கு நோக்கிச் செல்பவருக்கு முரசுமோட்டையும் கண்டாவளையும் தருமபுரமும் இன்று மீண்டும் வயற்புலங்களாகவே காட்சி தருகின்றன. இரணைமடுத் தண்ணீர் வருகிறது. காலபோகத்துக்கு உழவு இயந்திரம் இறங்குகிறது. புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பொங்கல் நடக்கிறது. ஆயினும் கலப்பை மண்ணைப் புரட்டும்போது சில காணிகளில் மண்கட்டியோடு சேர்ந்து வேறொன்றும் மேலே வருகிறது. பச்சைக் களிம்பேறிய பித்தளைக் கோது அல்லது துருவேறிய இரும்புக் கோது. சுட்டு முடிந்த ரவையின் எச்சம். விவசாயி அதை எடுத்து வரம்பில் போடுகிறார். பித்தளையாயின் அது பழைய இரும்பு வாங்க வருபவரின் தராசுக்குப் போகும். இரும்பாயின் அந்த மதிப்பும் இல்லை. அடுத்த மழையில் மீண்டும் மண்ணுக்குள்ளேயே போய்விடும்.

இந்தக் கோது ஓர் ஆவணம் என்பதே நான் இங்கே சொல்ல விரும்புவது. அதனை நிறுத்து விற்கிறோம், உருக்குகிறோம், துருப்பிடிக்க விடுகிறோம். ஒருவரும் வாசிப்பதில்லை.

வாசிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கோதைத் தலைகீழாகத் திருப்பி அதன் அடிவட்டத்தைப் பார்த்தால் சில எழுத்துகளும் இலக்கங்களும் பொறிக்கப்பட்டிருக்கும். சீனாவில் செய்யப்பட்ட ரி-56 துப்பாக்கி ரவையாயின் மேலே தொழிற்சாலையின் இலக்கமும் கீழே ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் இருக்கும். இந்தியாவின் கிர்க்கி ஆலைக்கு ஒரு குறி, வரங்காவுன் ஆலைக்கு இன்னொரு குறி. பாகிஸ்தானின் படைக்கலத் தொழிற்சாலைக்கு அதன் பெயரின் மூன்று முதலெழுத்துகள். இஸ்ரேலுக்கு வேறு. துப்பாக்கியின் இலக்கத்தை அராவி அழிக்கலாம். சீருடையை மாற்றலாம். ஆனால் சண்டையின் நடுவே நிலத்தில் சிதறும் ஆயிரக்கணக்கான கோதுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அழிப்பவர் எவருமில்லை.

இந்த எழுத்துகளை வாசிப்பதையே ஆயுட்காலப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறையப் பேர் உள்ளனர். ஐரோப்பியத் தோட்டா ஆய்வுச் சங்கம் என்றும் சர்வதேச வெடிபொருட் சங்கம் என்றும் அவர்களுக்கு அமைப்புகள் உண்டு. சஞ்சிகைகளும் ஆண்டுக் கூட்டங்களும் உண்டு. அவர்களுள் பலரின் கண் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜேர்மன் கைத்துப்பாக்கி ரவைகளிலேயே இருக்கிறது. தபால்தலை சேர்ப்பவரைப் பார்த்திருக்கிறோம், நாணயம் சேர்ப்பவரைப் பார்த்திருக்கிறோம். ரவை சேர்ப்பவரை நம் ஊரில் கற்பனை செய்வது கடினம். நம்மிடம் ஒருவர் ஒரு ரவையை அலுமாரியில் வைத்திருந்தால் அவருக்கு என்ன நேரும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் அவர்களுடைய வேலையைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால் நமக்குக் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. விலக்கிக்கொள்ள ஒன்றும் உண்டு.

அவர்கள் பெரிதும் தேடுவது 9 மில்லிமீற்றர் பரபெல்லம் ரவையை. ஜோர்ஜ் லூகர் என்ற வடிவமைப்பாளரின் பெயரோடு இணைந்த இது 1902இல் உருவானது. ஜேர்மன் கடற்படை 1904இலும் தரைப்படை 1908இலும் இதை ஏற்றுக்கொண்டன. அதை உற்பத்தி செய்த பேர்லின் நிறுவனத்தின் தந்தி முகவரிதான் 'பரபெல்லம்'. போருக்கு ஆயத்தமாகு என்பது அந்த இலத்தீன் தொடரின் பொருள். உலகம் அந்தத் தந்தியை நூற்றிருபது ஆண்டுகளாக விடாமல் பெற்றுக்கொண்டிருக்கிறது. இலங்கைப் படையினரிடமும் பொலிஸாரிடமும் விடுதலைப் புலிகளிடமும் இருந்த கைத்துப்பாக்கிகளில் பலவும் இதே அளவின.

போர்க்கால ஜேர்மன் ரவையின் அடிவட்டத்தில் நான்கு செய்திகள் இருக்கும். முதலாவது தொழிற்சாலையின் இரகசியக் குறி. இரண்டாவது கோது என்ன உலோகம் என்பது. மூன்றாவது உற்பத்தித் தொகுதியின் இலக்கம். நான்காவது ஆண்டு. தொழிற்சாலை எங்கே இருக்கிறது என்பது எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே பெயருக்குப் பதிலாக எழுத்துக் குறி கொடுத்தார்கள். ஏ-யு-எக்ஸ் என்றால் மக்டபேர்க் நகரத்துப் போல்ட்டே ஆலை. சி-எச் என்றால் ஆக்கிரமிக்கப்பட்ட பெல்ஜியத்தின் ஹேர்ஸ்தால் ஆலை. டி-ஓ-யு என்றால் ஸ்லோவாக்கியாவில் உள்ள ஓர் ஆலை. எதிரிக்கு மறைக்க எழுதிய குறியை இன்று ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி எழுதுவினைஞர்களும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

தொகுதி என்பது ஒரே மூலப்பொருளைக் கொண்டு செய்து, ஒன்றாகப் பரிசோதித்து, ஒரே இலக்கத்தின் கீழ் அனுப்பிய கூட்டம். ஒரு கூட்டத்தில் பழுது தெரியவந்தால் அந்த இலக்கத்தை மட்டும் களத்திலிருந்து திருப்பி எடுக்கலாம் என்பதே அதன் நோக்கம். லூகர் துப்பாக்கியின் ரவைக்கூட்டில் எட்டு ரவை கொள்ளும். இரண்டு கூட்டுக்குக் கணக்கிட்டுப் பதினாறாகச் சிறு அட்டைப்பெட்டியில் அடைத்தார்கள். பெட்டியின் சீட்டில் வெடிமருந்து, கோது, சன்னம், அடியில் பொருத்தும் வெடிமூடி ஆகிய ஒவ்வொன்றும் எந்த ஆலையில் எந்தத் தொகுதியில் உருவானது என்று அச்சிட்டிருப்பார்கள். கொல்வதற்கான பொருளுக்கு இவ்வளவு துல்லியமான பிறப்புச் சான்றிதழ்! அதே ஆட்சி கொன்ற மனிதர்களில் எத்தனையோ இலட்சம் பேருக்கு இறப்புச் சான்றிதழ்கூட இல்லை.

சேகரிப்பாளர் அரிது என்று சொல்வது இந்த இலக்கத்தை வைத்துத்தான். ரவையின் வடிவம் ஒன்றே. கோடிக்கணக்கில் செய்யப்பட்ட பொருள். ஆனால் ஓர் ஆலை அந்த அளவு ரவையைச் சில மாதங்களே செய்திருந்தால், அந்த ஆலையின் ஒவ்வொரு தொகுதியும் அரிதாகிறது. ஓர் ஆண்டின் கடைசித் தொகுதிகளும், 1945ஆம் ஆண்டைத் தாங்கியவையும் அப்படியே. அந்த ஆண்டில் செம்படையும் நேச நாட்டுப் படைகளும் ஆலைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தன; செய்து முடித்தவையும் களத்துக்குப் போய்ச் சேரவில்லை. இரும்புக் கோதுகள் நிலத்தில் துருப்பிடித்து அழிந்ததும் ஒரு காரணம். ஆகவே அடியில் ஓர் இலக்கம் மாறினால் விலை பன்மடங்காகிறது. விலை ஏறும் இடத்தில் போலியும் வரும். பழைய பெட்டிச் சீட்டை இன்றைய அச்சுப்பொறியில் அடித்து விற்பவர்களும் அந்தச் சந்தையில் உண்டு.

இவர்கள் செய்த நன்மையைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. ஆண்டு வாரியாக அந்த ரவைகளை அடுக்கினால் ஒரு பேரரசின் வறுமை கண்முன்னே தெரியும். முதலில் பித்தளைக் கோது, ஈயச் சன்னம். பிறகு செம்பு போதாமையால் அரக்குப் பூசிய இரும்புக் கோது. பிறகு ஈயமும் போதாமையால் நடுவில் இரும்பை வைத்த சன்னம். அதை வேறுபடுத்திக் காட்டக் கறுப்பு நிறம். அதற்கும் பிறகு இரும்புத் தூளை அழுத்திச் செய்த சாம்பல் நிறச் சன்னம். கோயபல்ஸின் வானொலி வெற்றிச் செய்தி வாசித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் இந்தப் பஞ்சம் உலோகத்தில் பதிவாகிக்கொண்டிருந்தது. பத்திரிகைக்காரனாகிய எனக்கு இந்த ஒப்பீட்டில் ஒரு தனிச் சுவை. அரச அறிக்கையை மட்டும் வைத்துச் செய்தி எழுதிப் பழகிய தொழில் நம்முடையது.

இனி, விலக்கிக்கொள்ள வேண்டியது. சேகரிப்பாளரின் பட்டியலில் கே-ஏ-எம் என்றொரு குறி உண்டு. போலந்தின் ஸ்கார்ஷிஸ்கோ-கமியென்னா நகரில் இருந்த ஹசாக் நிறுவனத்தின் ஆலை அது. போலந்து அரசின் வெடிபொருள் ஆலையை 1939இல் கைப்பற்றிய ஜேர்மனியர்கள் அதை ஹசாக்கிடம் கொடுத்தனர். 1942 முதல் 1944 வரை யூதர்களை அடைத்து வைத்து அங்கே வேலை வாங்கினார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுவரப்பட்டனர். பெரும்பாலானோர் உயிருடன் திரும்பவில்லை. அந்த ஆலையின் ஒரு பிரிவில் பிக்ரிக் அமிலத்தோடு வேலை செய்தவர்களின் தோலும் கூந்தலும் மஞ்சளாகிவிடும். அவர்கள் சில மாதங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. அங்கு கைதியாக இருந்து தப்பிய பெலிட்சியா கராய் பிற்காலத்தில் அந்த முகாமின் வரலாற்றை எழுதியபோது மரணத்தை மஞ்சள் நிறத்தோடு சேர்த்தே நூலுக்குப் பெயரிட்டார். 1944 கோடையில் செம்படை நெருங்கியதும் முகாமைக் கலைத்தார்கள். அந்தக் குறியில் 1944க்குப் பிறகு ஆண்டு இல்லாமற்போனதற்குக் காரணம் இதுதான். பட்டியலில் அது 'அரிது' என்ற ஒரு சொல்லாக வருகிறது. ஒரு தொகுதி ஏன் அரிதாயிற்று என்று கேட்டால் சில வேளைகளில் அதன் பதில் ஒரு புதைகுழியில் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விலையை மட்டும் கேட்பதை என்னால் ரசிக்க முடியவில்லை.

ஆனால் தொகுதியையும் குறியையும் வாசிக்கத் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்குக் கட்டின் படுகொலையே சாட்சி. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1943 ஏப்ரல் 13ஆம் திகதி பேர்லின் வானொலி ஒரு செய்தியை வெளியிட்டது. ரஷ்யாவின் ஸ்மொலென்ஸ்க் நகருக்கு அருகே கட்டின் காட்டில் ஆயிரக்கணக்கான போலந்து அதிகாரிகளின் சடலங்கள் புதைகுழிகளில் கிடக்கின்றன. கொன்றவர்கள் சோவியத் இரகசியப் பொலிஸார் என்றது. செய்தி உண்மை. 1940 வசந்தத்தில் ஸ்டாலினின் ஆணைப்படி கட்டினிலும் வேறு இடங்களிலுமாக ஏறத்தாழ 22,000 போலந்துக் கைதிகள் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தனர். ஆனால் குழியைத் தோண்டிய ஜேர்மனியர்களுக்கு ஒரு சங்கடம் காத்திருந்தது. சடலங்களோடு கிடந்த கோதுகளின் அடியில் 'ஜெகோ 7.65' என்று இருந்தது. ஜெகோ என்பது ஜேர்மனியின் டூர்லாக் நகரத்துக் குஸ்தாவ் கென்ஷோ நிறுவனம். அதாவது கொலை ரஷ்யனுடையது, ரவை ஜேர்மனியனுடையது. 1943 மே மாதம் கோயபல்ஸ் தம் நாட்குறிப்பிலேயே இதைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறார்.

அவர் கவலைப்பட்டது சரியே. 1944 ஜனவரியில் சோவியத் அரசு தன் சொந்த விசாரணைக் குழுவை அமைத்து, கொன்றது ஜேர்மனியர் என்று அறிவித்தது. ஜேர்மன் ரவை அந்த வாதத்துக்கு ஊன்றுகோலாயிற்று. அதற்கு மறுமொழி, அந்த ரவை எங்கே போனது என்ற வினாவில் இருந்தது. கென்ஷோ நிறுவனம் 1920களில் போலந்துக்கும் பால்டிக் நாடுகளுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இந்த ரவைகளை ஏற்றுமதி செய்திருந்தது. கல்வெட்டுப் போலப் பொறித்திருந்த பெயர் செய்தவனைக் காட்டியதே தவிரச் சுட்டவனைக் காட்டவில்லை. எந்தக் காலத்து உற்பத்தி, யாருக்கு விற்றது என்ற பதிவோடு சேர்த்து வாசித்தபோதுதான் அது உண்மை பேசியது. மொஸ்கோ தன் பொறுப்பை ஒப்புக்கொள்ள 1990 ஏப்ரல் வரை ஆயிற்று. 1992இல் ஸ்டாலினின் கையொப்பமிட்ட ஆவணம் வெளிவந்தது. ஐம்பது ஆண்டுகள் அரசுகள் பொய் சொன்னபோதும் அந்தக் கோதுகள் தம் எழுத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் ஏன் கண்டாவளையில் வைத்துப் பேச வேண்டும்?

நம் நாட்டிலும் சன்னத்தின் அளவைப் பற்றி ஒரு தகராறு நடந்தது. 2006 ஓகஸ்ட் 4ஆம் திகதி மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் பணியாளர்கள் 17 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவரின் உடலிலிருந்து எடுத்த சன்னம் 5.56 மில்லிமீற்றர் வகை எனத் தோன்றுவதாக, பிரேத பரிசோதனையைப் பார்வையிட்ட அவுஸ்திரேலிய நிபுணர் குறிப்பிட்டார். அரச பகுப்பாய்வாளரின் அறிக்கையோ 7.62 என்றது. சன்னம் மாற்றப்பட்டதோ என்று சர்வதேச நீதிபதிகள் ஆணைக்குழு 2007இல் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பியது. பின்னர் அந்த நிபுணர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. ஒன்றைத்தான் பார்க்கிறேன். இரண்டு மில்லிமீற்றருக்கும் சற்றுக் கூடுதலான வித்தியாசம் ஒரு வழக்கின் திசையையே மாற்றக்கூடியதாக இருந்தது. எடுத்த கணத்திலிருந்து அந்தச் சன்னம் எவர் கைகளில் இருந்தது என்பதற்கு எவரும் ஐயுற முடியாத பதிவு இருந்திருந்தால் தகராறே எழுந்திராது. அந்தக் கொலைகளுக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

புதைகுழிகளையும் எண்ணிப் பாருங்கள். 2018இல் மன்னார் சதொசக் கட்டட வளவில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. மாதிரிகள் அமெரிக்காவுக்குப் போயின. காபன் பரிசோதனை 1499க்கும் 1719க்கும் இடைப்பட்ட காலம் என்றது. ஏற்றவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டியபோது இன்னொரு குழி தெரிந்தது. 52 பேரின் எச்சங்கள் அங்கே மீட்கப்பட்டன. 1994க்கும் 1996க்கும் இடையே புதைக்கப்பட்டிருக்கலாம் என்று அறிக்கை கூறியது. இரண்டு இடங்களிலும் முதற்கேள்வி காலம் எது என்பதே. காலத்தைச் சொல்லும் பொருள்களில் ரவைக் கோதுக்கு நிகரானது அரிது. அடியில் 88 என்று இருந்தால், 1988க்கு முன்னர் அந்தக் கோது அந்த மண்ணுக்குள் போயிருக்க முடியாது. ஆய்வுகூடத்துக்கும் அனுப்ப வேண்டாம். நல்ல வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் நானே சொல்லிவிடுகிறேன், பிறர் சொல்வதற்கு முன். கோது பக்கம் சாராது. அதனாலேயே எந்தப் பக்கத்தையும் தனித்து நின்று குற்றஞ்சாட்டவும் அதனால் முடியாது. 1996 ஜூலையில் முல்லைத்தீவுப் படைத்தளம் வீழ்ந்தது. 1998 செப்டெம்பரில் கிளிநொச்சி கைமாறியது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தது. ஒவ்வொரு தடவையும் இராணுவத்தின் களஞ்சியம் புலிகளின் களஞ்சியமாயிற்று. 2009 ஜனவரியில் பரந்தனும் ஆனையிறவும் தருமபுரமும் ஒன்றன்பின் ஒன்றாக இராணுவத்தின் வசமானபோது மீண்டும் கைமாற்றம். கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய ஒரே தொகுதி ரவை இரண்டு தரப்பின் துப்பாக்கிகளிலும் வெடித்திருக்கும். ஆகவே 'சீன ரவை, எனவே இராணுவம்' என்றோ, வேறு விதமாகவோ அவசரமாக எழுதுபவர் கட்டினில் ஏமாந்தவர்களின் வரிசையில் சேர்கிறார். தனிக் கோது ஒரு சொல் மட்டுமே. எந்தக் காணியில், எந்த ஆழத்தில், எத்தனை கோதுகளோடு கிடந்தது என்று தெரிந்தால் அது வாக்கியமாகும். எந்த ஆண்டு, எந்த நாட்டிலிருந்து, எந்தத் தொகுதி, யாருக்கு வந்தது என்ற கொள்வனவுப் பதிவையும் சேர்த்தால் சாட்சியம் ஆகும்.

ஆனால் முதற்சொல்லையே நாம் தொலைத்துக்கொண்டிருக்கிறோம். சீன ரவைகளில் பெரும்பகுதி இரும்புக் கோது. தண்ணீர் கட்டி நெல் விளைவிக்கும் மண்ணில் அது எத்தனை காலம் தாங்கும்? அடிவட்டத்தின் எழுத்துதான் முதலில் உதிரும். பித்தளைக்கோ சந்தை இருக்கிறது. சண்டை ஓய்ந்த சில மாதங்களிலேயே பழைய இரும்பு வியாபாரம் வன்னியின் முதல் தொழிலாயிற்று. குடும்பத்தையும் வீட்டையும் இழந்து மீள்குடியேறியவர் கையில் அகப்பட்டதை விற்றுச் சமைத்ததைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. எறிகணைக் கோதைத் தொங்கவிட்டுப் பாடசாலை மணியாக அடித்த மண் இது. ரயில் தண்டவாளம் பதுங்குகுழிக்குக் கூரையான மண். போரின் மிச்சத்தைப் பயன்படுத்தத்தான் நாம் பழகியிருக்கிறோம். பதிவு செய்யப் பழகவில்லை.

வெடிபொருள் அகற்றும் பணியாளர்கள் மட்டுமே இதற்கு விதிவிலக்கு. ஹலோ ட்ரஸ்ட், மாக் ஆகியவை 2002 முதலும் டாஷ் 2010 முதலும் இங்கே வேலை செய்கின்றன. முகமாலைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: முகக்கவசம் அணிந்த பெண்கள், பலர் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள், சுடுவெயிலில் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டுவதை. கருவி ஒலிக்கும் ஒவ்வொரு உலோகத் துண்டையும் அவர்கள் கையால் எடுத்தாக வேண்டும். மிதிவெடி எங்கே கிடந்தது என்பதை வரைபடத்தில் குறிக்கிறார்கள். சிறுரக ரவைகளையும் எண்ணுகிறார்கள். இதுவரை மீட்டவை பத்து இலட்சத்தைத் தாண்டிவிட்டன. ஆனால் வெளியிடப்படும் பட்டியல்களில் அவை ஒற்றை எண்ணிக்கையாகவே வருகின்றன. எண்ணியபின் அழிக்கிறார்கள். அழிக்கத்தான் வேண்டும். அழிப்பதற்கு முன் அடிவட்டத்தைப் படம் பிடித்து, எத்தனை எந்தக் குறி என்று வகைப்படுத்தி எழுதினால் என்ன என்பதே என் கேள்வி. பத்து இலட்சத்தையும் அல்ல. ஒவ்வொரு வேலைத்தளத்திலும் சேர்ந்த குவியலிலிருந்து குறிக்கு ஒரு படம், ஓர் எண்ணிக்கை, தளத்தின் இலக்கம். கைத்தொலைபேசி போதும்.

அந்தப் பதிவு எங்கே இருக்க வேண்டும் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. தனியார் அலுமாரியில் இருக்கக்கூடாது. படைத்தரப்பின் காட்சிக்கூடத்திலும் இருக்கக்கூடாது. கிளிநொச்சி நகரில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது: பெரிய சீமெந்துக் கனசதுரத்தைத் துளைத்து நிற்கும் இராட்சத ரவை, மேலே ஒரு தாமரை. பார்க்க வருபவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த ரவைக்குத் தொழிற்சாலையும் இல்லை, தொகுதியும் இல்லை, ஆண்டும் இல்லை. வெற்றிக்கு அவை தேவைப்படுவதில்லை. வரலாற்றுக்குத் தேவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத்துறை கல்வெட்டையும் நாணயத்தையும் வாசிக்க மாணவர்களைப் பயிற்றுகிறது. அதே கண், அதே பொறுமை, அதே பதிவு முறை இதற்கும் போதும். கந்தரோடை நாணயத்தின் தேய்ந்த எழுத்தை வாசிப்பவருக்குக் கோதின் எழுத்து ஒரு சிரமமா?

சென்னையில் இதற்கு ஒரு சிறு முன்மாதிரி உண்டு. 1914 செப்டெம்பர் 22 இரவு ஜேர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தைத் தாக்கி எண்ணெய்த் தாங்கிகளைக் கொளுத்தியது. அந்த எறிகணையின் துண்டு கோட்டை அருங்காட்சியகத்தில், எங்கிருந்து எப்போது வந்தது என்ற குறிப்போடு இருக்கிறது. அரை மணி நேரத் தாக்குதல் அது. அதன் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே ஆகி, கெட்டிக்காரப் பேர்வழியை நாம் இன்னும் எம்டன் என்கிறோம். இங்கே முப்பது ஆண்டுச் சண்டைக்கு ஒரு துண்டின்மீதும் ஒரு குறிப்பு இல்லை.

மறுப்புகள் வரும். பழையதைக் கிளறாதே என்பது முதலாவது. கண்டாவளைப் பக்கத்து முதிய விவசாயி ஒருவரிடம் இதைப் பேசியபோது, அவர் வரம்பில் கிடந்த கோதைக் காலால் தள்ளிவிட்டு, தம்பி, வயலைப் பற்றிக் கதை என்றார். அவருக்கு அந்த உரிமை உண்டு. அவர் பார்க்காதது ஒன்றுமில்லை. ஆனால் காணாமல்போன பிள்ளையின் படத்தோடு கிளிநொச்சி வீதியோரத்தில் 2017 முதல் இருந்த தாய்மாருக்கு மறந்துவிடு என்று சொல்லும் உரிமை எனக்கோ உங்களுக்கோ இல்லை. என்றோ ஒரு நாள் ஏதோ ஒரு குழி திறக்கும்போது அதில் கிடக்கும் கோதை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பட்டியல் வேண்டும். அன்றைக்குத் தொடங்கினால் பிந்திவிடும்.

சட்டம் என்பது இரண்டாவது மறுப்பு. அதில் பொருள் உண்டு. 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் தொடங்கி எத்தனையோ சட்டங்கள் நம் தலைக்குமேல் நிற்கின்றன. ஆகவே இதை வாசித்துவிட்டு எவரும் கோது பொறுக்கப் புறப்பட வேண்டாம். பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம். வெடிக்காத ரவையும் எறிகணையும் இன்னும் நிலத்தில் கிடக்கின்றன. செம்புக்காகவும் இரும்புக்காகவும் அவற்றை வெட்டித் திறந்தவர்கள் கையையும் கண்ணையும் உயிரையும் கொடுத்திருக்கிறார்கள். கண்டால் தொடாமல் இடத்தை அடையாளமிட்டு அறிவியுங்கள். நான் கேட்பது சேகரிப்பை அன்று, பதிவை. அதற்கு அனுமதியும் பயிற்சியும் உள்ளவர்கள் ஏற்கெனவே களத்தில் நிற்கிறார்கள். கொழும்பில் தேசிய கண்ணிவெடிச் செயற்பாட்டு நிலையமும் கிளிநொச்சியில் அதன் பிராந்திய அலுவலகமும் இருக்கின்றன. ஒரு சுற்றறிக்கையில் முடியும் வேலை.

மூன்றாவது மறுப்பை எவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். யாருடைய ரவை எங்கே பாய்ந்தது என்ற கணக்கு எந்தத் தரப்புக்கும் வசதியானதன்று. அரசுக்கும் இல்லை, புலிகளின் பெயரால் இன்று பேசுபவர்களுக்கும் இல்லை, ரவை விற்ற நாடுகளுக்கோ சற்றும் இல்லை. இந்த ஒரு விடயத்திலாவது அவர்கள் அனைவரும் ஒற்றுமையாக மௌனம் காப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம்.

மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017 டிசெம்பரில் சேர்ந்தது. 2018 ஜூனில் அது நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் நிலத்தைத் துப்புரவாக்கக் கொடுத்த காலம் பத்து ஆண்டுகள். 2028 ஜூனுடன் அது முடிகிறது. பணி முடிந்ததும் கருவிகள் திரும்பும், பெண்கள் வேறு வேலை தேடுவார்கள், முகாம்களின் பதிவேடுகள் பெட்டிக்குள் போகும். இப்போது பயன்படுத்தும் படிவத்தில் ரவைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இரண்டு நிரல்களைச் சேர்த்தால் போதும்: அடிவட்டக் குறி, படத்தின் இலக்கம்.